ஜேம்ஸ்டவுன் 1619: கம்பெனி கூட்டிய சட்டசபை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வர்ஜீனியாவில் 1619-இல் கூடிய சபையைப் பற்றித் தேடினால், ஒன்று "அமெரிக்க ஜனநாயகத்தின் பிறப்பு" என்று வானளாவப் புகழ்ந்திருப்பார்கள், இல்லையென்றால் "முதலாளிகள் கூடிப் பேசிக் கலைந்தார்கள்" என்று ஒரே வரியில் தள்ளியிருப்பார்கள். அந்த ஆறு நாளில் உள்ளே என்னதான் நடந்தது, யார் வந்தார்கள், யாரை வெளியே அனுப்பினார்கள் என்பது இரண்டிலுமே இருக்காது. எனக்கு அதுதான் சுவாரசியம், அதனால் இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

எந்தச் சபை இது? எங்கே, எப்போது கூடியது?

வர்ஜீனியாவின் பொதுச்சபை. ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் 1619 ஜூலை 30, வெள்ளிக்கிழமை தொடங்கி ஆகஸ்ட் 4, புதன்கிழமை முடிந்தது. நடுவில் ஞாயிறு விடுமுறை, ஆகவே வேலை நடந்தது ஐந்து நாள்தான். இந்தத் தேதிகள் அன்றைய இங்கிலாந்தின் பழைய நாட்காட்டிப்படி; நம் நாட்காட்டிக்கு மாற்றினால் பத்து நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். இங்கே பழைய தேதிகளையே வைத்துக்கொள்கிறேன், எல்லாப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன.

இங்கிலாந்து அரசர் கூட்டியதா?

இல்லை. கூட்டியது ஒரு வியாபாரக் கம்பெனி. லண்டன் வர்ஜீனியா கம்பெனிக்கு 1606-இல் அரசர் முதலாம் ஜேம்ஸ் பட்டயம் கொடுத்தார், 1607-இல் அவர்கள் ஜேம்ஸ்டவுனில் இறங்கினார்கள். பங்குகள், பங்குதாரர்கள், நஷ்டக் கணக்கு, லண்டனில் சண்டை என்று ஒரு கம்பெனிக்கு உண்டான எல்லாமே இதற்கும் உண்டு.

நமக்குக் கம்பெனி ஆட்சி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனிதானே ஞாபகம் வரும். இரண்டுக்கும் நேரடித் தொடர்பே இருக்கிறது. வர்ஜீனியா கம்பெனியின் தலைமையில் 1619 வரை இருந்த சர் தாமஸ் ஸ்மித், அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராகவும் இருந்தவர். ஒரு கையில் மிளகுக் கணக்கு, இன்னொரு கையில் வர்ஜீனியாவின் புகையிலைக் கணக்கு. சென்னையில் கோட்டைக்கு இடம் வாங்க அப்போது இன்னும் இருபது வருடம் இருக்கிறது.

லாபம் பார்க்க வந்த கம்பெனிக்கு எதற்குச் சட்டசபை?

லாபம் வரவில்லை என்பதுதான் காரணம். ஆரம்பத்தில் ஜேம்ஸ்டவுன் பிழைத்ததே அதிசயம். 1609–10 பனிக்காலத்துப் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே உயிரோடு மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 60 பேர். அதற்குப் பிறகு வந்த கவர்னர்கள் ராணுவச் சட்டத்தை வைத்துக் கட்டி ஆண்டார்கள். கோயிலுக்குப் போகாவிட்டால் தண்டனை, கடையிலிருந்து திருடினால் தண்டனை, பல குற்றங்களுக்கு மரணம். இப்படி ஒரு ஊர் இருக்கிறது என்று இங்கிலாந்தில் செய்தி பரவினால் எவன் கப்பல் ஏறுவான்?

ஆள் வேண்டும், ஆள் வர நிலம் கொடுக்க வேண்டும், நிலம் வாங்கியவன் தங்குவதற்கு அங்கே கொஞ்சம் மரியாதையான சட்டம் இருக்க வேண்டும். 1618 நவம்பரில் கம்பெனி புதிய உத்தரவுகளை எழுதி, புதிய கவர்னர் சர் ஜார்ஜ் யார்ட்லியிடம் கொடுத்து அனுப்பியது. அதைத்தான் "பெரும் பட்டயம்" என்கிறார்கள். சொந்தச் செலவில் வருகிறவருக்கும், அவர் அழைத்து வரும் ஒவ்வொரு ஆளுக்கும் 50 ஏக்கர் வீதம் நிலம் என்று விதி வந்தது. ராணுவச் சட்டம் போனது. கூடவே, குடியேறியவர்களின் பிரதிநிதிகளைக் கூட்டிச் சட்டம் செய்யலாம் என்ற அனுமதியும் வந்தது. யார்ட்லி 1619 ஏப்ரலில் வந்து இறங்கினார், அந்தக் கோடையிலேயே சபையைக் கூட்டிவிட்டார்.

ஆகவே யாரும் போராடி வாங்கிய உரிமை இல்லை இது. ஆள் பிடிக்கக் கம்பெனி கொடுத்த சலுகை. அப்படிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உறுப்பினர்கள் யார் யார்?

கவர்னர், அவருடைய ஆலோசனைக் குழுவினர் ஆறு பேர், பிறகு 11 குடியிருப்புகளிலிருந்து தலா இருவர் வீதம் 22 பிரதிநிதிகள். பிரதிநிதிகளை பர்ஜெஸ் என்று அழைத்தார்கள். எல்லாரும் ஒரே அவையில் உட்கார்ந்தார்கள், மேலவை கீழவை என்ற பிரிவு அப்போது இல்லை.

ஆலோசனைக் குழுவில் நமக்குத் தெரிந்த பெயர் ஜான் ரோல்ஃப். வர்ஜீனியாவில் விற்பனைக்கேற்ற புகையிலையை வளர்த்துக் காட்டியவர், போகாஹான்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் கணவர். அவரோடு பிரான்சிஸ் வெஸ்ட், நத்தேனியல் பவல், சாமுவேல் மேகாக், வில்லியம் விக்கம் என்ற பாதிரியார், செயலாளர் ஜான் போரி.

பிரதிநிதிகளில் பலர் யாரென்று பார்த்தால் கேப்டன், என்சைன், லெப்டினென்ட் என்று ராணுவப் பட்டம் வைத்திருப்பவர்கள் அல்லது தோட்டத்தின் சொந்தக்காரர்கள். கேப்டன் லான் தோட்டத்துக்கு கேப்டன் லானே பிரதிநிதி. ஃப்ளவர்டியூ தோட்டம் கவர்னர் யார்ட்லிக்குச் சொந்தம், அங்கிருந்து வந்த எட்மண்ட் ராஸிங்கம் அவருடைய உறவுக்காரப் பிள்ளை. தாமஸ் ஸ்மித் பெயரில் இருந்த ஸ்மித்ஸ் ஹண்ட்ரட் என்ற தோட்டத்திலிருந்து தாமஸ் கிரேவ்ஸ், வால்டர் ஷெல்லி. ஜேம்ஸ் சிட்டிக்கு வில்லியம் பவல், வில்லியம் ஸ்பென்ஸ். கிக்கோட்டன் என்ற இடத்துக்கு (இன்றைய ஹாம்ப்டன் பக்கம்) வில்லியம் டக்கர், வில்லியம் கேப். இருபத்திரண்டு பெயரையும் இங்கே அடுக்கினால் ரேஷன் கார்டு பட்டியல் போல ஆகிவிடும், வேண்டியவர்கள் கதையில் வரும்போது வருவார்கள்.

யாருக்கு ஓட்டு இருந்தது?

கம்பெனி உத்தரவில் குடியிருப்பவர்களால் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்ற அளவுக்குத்தான் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் எஜமானரின் கையில் இருந்தார்கள். பெண்கள், பூர்வகுடிகள் யாரும் உறுப்பினர்களாக வரவில்லை. இந்த மாநிலச் சபையில் முதல் பெண் உறுப்பினர்கள் உட்கார்ந்ததே 1924-இல்தான்.

போலந்துக்காரர்கள் ஓட்டுரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்களாமே?

இது நிறையப் பேர் கேட்கும் கேள்வி. தார், பிசின், சோப்புச் சாம்பல் தயாரிக்கக் கம்பெனி போலந்திலிருந்து கைவினைஞர்களை அழைத்து வந்திருந்தது. லண்டனில் கம்பெனிக் கூட்டத்தின் 1619 ஜூலை 21 குறிப்பில், அவர்களைக் குறித்து ஏதோ தகராறு எழுந்ததாகவும், இனி அவர்கள் மற்றக் குடிகளைப் போலவே முழு உரிமை உள்ளவர்கள் என்று முடிவானதாகவும், தங்கள் தொழில் அழிந்துபோகாமலிருக்க இளைஞர்களுக்கு அவர்கள் சொல்லித்தர வேண்டும் என்றும் இருக்கிறது. அவ்வளவுதான் பதிவு. அமெரிக்காவின் முதல் வேலைநிறுத்தம் என்று இப்போது பலகை வைத்துக் கொண்டாடுவதெல்லாம் இந்தச் சில வரிகளின் மேல் எழுப்பிய கட்டடம். அவர்களிடம் கம்பெனிக்குத் தேவையான கைத்தொழில் இருந்தது, அதனால் பேரம் பேச முடிந்தது என்பது மட்டும் அந்த வரிகளிலேயே தெளிவாகத் தெரிகிறது.

உள்ளே சபை எப்படி நடந்தது?

இதில் ஜான் போரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்தான் சபாநாயகர். யார்ட்லி ராணுவக்காரர், பிரதிநிதிகளில் பலர் தோட்டக்காரர்கள், ஒரு சபையை எப்படி நடத்துவது என்று தெரிந்த ஆள் போரிதான், ஏனென்றால் அவர் ஏற்கெனவே இங்கிலாந்து மக்களவையில் உறுப்பினராக இருந்தவர். மர ஆலயத்தில் கூடிய இந்தச் சின்னக் கூட்டத்துக்கு நாடாளுமன்ற நடைமுறை வந்தது அவர் மூலமாகத்தான். மனிதர் நெடுநாளாக உடம்பு சரியில்லாதவர், நீண்ட உரைகள் ஆற்றத் தெம்பில்லை என்று அவரே குறித்திருக்கிறார். எனக்கென்னவோ சபைக்கு அது நல்லதாகவே போயிற்று என்று தோன்றுகிறது.

தேவாலயத்தின் பாடகர் பகுதியில் கவர்னர் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார், ஆலோசகர்கள் இரு பக்கமும், எதிரே சபாநாயகர், அவர் பக்கத்தில் எழுத்தர் ஜான் ட்வைன், வாசலில் காவலராகத் தாமஸ் பியர்ஸ். பாதிரியார் ரிச்சர்ட் பக் ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்ததும் பிரதிநிதிகள் எல்லாரையும் வெளிப்பகுதிக்கு அனுப்பி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, அரசரே உச்ச அதிகாரி என்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

அப்புறம் பெரும் பட்டயத்தை எடுத்தார்கள். போரி அதை நான்கு பகுதியாகப் பிரித்தார். எட்டுப் பேர் கொண்ட இரண்டு குழுக்கள், ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பகுதி. படித்து, எதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று பார்த்து வாருங்கள் என்று கொடுத்தார். குழு போட்டு விஷயத்தை அனுப்பும் வழக்கம் அங்கே முதல் நாளிலேயே வந்துவிட்டது!

இரண்டு உறுப்பினர்களைத் திருப்பி அனுப்பியது ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கேப்டன் ஜான் மார்ட்டின் என்பவர் 1607-இல் முதல் கப்பல்களிலேயே வந்தவர், பழைய ஆள், செல்வாக்குள்ளவர். அவருடைய தோட்டத்துக்குக் கம்பெனி கொடுத்திருந்த பட்டயத்தில் ஒரு விசேஷ ஷரத்து இருந்தது: போர்க் காலத்தில் பாதுகாப்புக்கு ஆள் அனுப்புவது தவிர, காலனியின் வேறெந்தக் கட்டளையும் அவர் இடத்துக்குப் பொருந்தாது. அவர் தோட்டத்திலிருந்து தாமஸ் டேவிஸ், ராபர்ட் ஸ்டேசி என்ற இருவர் பிரதிநிதிகளாக வந்து உட்காரப் போனார்கள். அப்போதுதான் கேள்வி கிளம்பியது. நாம் இங்கே செய்கிற சட்டம் உங்கள் எஜமானரைக் கட்டுப்படுத்தாது என்றால், எங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு நீங்கள் எப்படி ஓட்டுப் போடலாம்?

கேள்வி நியாயமானதுதானே. மார்ட்டினையே வரவழைத்து, அந்த ஷரத்தை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றார். சரி, அப்படியென்றால் உங்கள் ஆட்களுக்கு இங்கே இடமில்லை என்று இருவரையும் அனுப்பிவிட்டார்கள். 22 என்பது 20 ஆனது.

அதோடு விடவில்லை. மார்ட்டினின் படகில் போனவர்கள் விரிகுடாவில் ஒரு பூர்வகுடிப் படகை மறித்து, விற்க மறுத்த சோளத்தை ஆயுதம் காட்டி எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் சில மணிகளையும் சாமான்களையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். பூர்வகுடித் தலைவர் ஒபச்சன்கனோ கவர்னரிடம் புகார் அனுப்பியிருந்தார். அந்தப் புகாரும் சபையில் வந்தது. சட்டத்துக்கு அப்பாற்பட்ட தோட்டம் என்று ஒன்றை விட்டுவைத்தால் குற்றம் செய்தவனெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொள்வான் என்பது உறுப்பினர்களின் கவலை. பெரும் பட்டயம் எல்லாருக்கும் சமமான சட்டம் என்று சொல்கிறதே, இந்த ஷரத்து அதோடு எப்படிப் பொருந்தும் என்று விளக்கச் சொல்லி லண்டனுக்கே எழுதினார்கள்.

யோசித்துப் பாருங்கள், சபை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சலுகையைக் கம்பெனியிடமே தப்பென்று சொல்கிறார்கள். ஜெபம், உறுதிமொழி, கவர்னரின் சிம்மாசனம் எல்லாவற்றையும்விட இந்தத் தகராறுதான் அந்தக் கூட்டத்தை ஒரு சட்டசபையாக ஆக்கியது என்பது என் கருத்து. அவர்கள் ஒன்றும் சமத்துவவாதிகள் இல்லை, பக்கத்துத் தோட்டக்காரனுக்குக் கிடைத்த சலுகை தங்களுக்கு இல்லையே என்ற எரிச்சலும் அதில் நிச்சயம் இருந்திருக்கும்.

கேப்டன் வார்டையும் எதிர்த்தார்களாமே?

ஆமாம், ஆனால் விட்டுவிட்டார்கள். வார்டு கம்பெனியின் முறையான அனுமதி இல்லாமலே தோட்டம் போட்டவர். சபாநாயகரே ஆட்சேபம் எழுப்பினார். ஆனால் மனிதர் சொந்தப் பணத்தைப் போட்டு வந்திருக்கிறார், மீன் பிடித்துக் கொண்டுவந்து காலனிக்கு உதவியிருக்கிறார், சபை சொல்வதைக் கேட்கவும் தயார். சீக்கிரம் முறையான அனுமதி வாங்கிவிடுங்கள் என்ற நிபந்தனையோடு அவரையும் லெப்டினென்ட் கிப்ஸையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். மார்ட்டினிடம் எல்லாக் காகிதமும் இருந்தது, கட்டுப்பட மனமில்லை. வார்டு அப்படியே தலைகீழ்.

என்னென்ன சட்டங்கள் போட்டார்கள்?

முதல் இடம் புகையிலைக்கு. நல்ல ரகம் பவுண்டு 3 ஷில்லிங், இரண்டாம் ரகம் 18 பென்ஸ் என்று விலை வைத்தார்கள், கம்பெனிப் பண்டகசாலைக்காரர் ஏப்ரஹாம் பியர்சியை அழைத்து அதைச் சொன்னார்கள். அவர் இங்கிலாந்திலிருந்து வரும் சாமான்களை விற்பதில் நூற்றுக்கு 25-க்கு மேல் லாபம் வைக்கக்கூடாது என்பதும் பேசி முடிவானது. பணமே இல்லாத ஊரில் புகையிலைதான் பணம், ஆகவே இந்த விலை நிர்ணயம்தான் அவர்களுக்கு உண்மையான பட்ஜெட்.

ஆனால் எல்லாரும் புகையிலையே நட்டால் சாப்பிட என்ன செய்வது? வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு பீப்பாய் சோளம் உபரியாகச் சேமித்து வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். பஞ்சத்தைப் பார்த்த ஊர், அந்தப் பயம் சட்டத்தில் தெரிகிறது. பட்டுப்புழுவுக்காக ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஆறு முசுக்கட்டைச் செடி வீதம் ஏழு வருடம் நட வேண்டும், திராட்சைக்கொடி பத்து நட வேண்டும், சணலும் ஆளிவிதையும் போட வேண்டும் என்றெல்லாம் உத்தரவு. இது கம்பெனியின் ஆசை. லண்டனில் உட்கார்ந்துகொண்டு பட்டும் ஒயினும் வரும் என்று கனவு கண்டார்கள், ஆட்கள் புகையிலையைத்தான் நட்டார்கள்.

பிறகு ஒழுக்கச் சட்டங்கள். சீட்டு, தாயக்கட்டை ஆடினால் ஜெயித்த பணம் போகும், அபராதமும் உண்டு. குடித்துவிட்டு அகப்பட்டால் முதல் முறை பாதிரியார் தனியாகக் கண்டிப்பார், இரண்டாம் முறை ஊர் முன்னால், மூன்றாம் முறை விலங்கு. ஆடம்பரமாக உடுத்தினால் ஆலயத்துக்குச் செலுத்தும் வரி கூடும். கல்யாணமாகாதவனுக்கு அவன் உடுப்பை வைத்து, கல்யாணமானவனுக்கு மனைவியின் உடுப்பையும் சேர்த்துக் கணக்கு. ஞாயிறு இரண்டு வேளையும் ஆலயத்துக்கு வர வேண்டும், ஆயுதம் தூக்கக் கூடியவர்கள் ஆயுதத்தோடு வர வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒன்றுமே பேசவில்லையா?

பேசினார்கள். வேலைக்காரப் பெண்கள் பெற்றோர் அல்லது எஜமானரின் சம்மதமின்றிக் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்று ஒரு விதி. ஆனால் கம்பெனிக்கு அனுப்பிய விண்ணப்பங்களில், மனைவிமார்களுக்கும் நிலப் பங்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். புதிய குடியேற்றத்தில் ஆண் அதிகம் தேவையா பெண் அதிகம் தேவையா என்று யாருக்கும் தெரியாதே என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த நிலம் யார் கைக்குப் போகும் என்பது வேறு விஷயம், ஆனாலும் 1619-இல் இப்படி எழுதியிருக்கிறார்கள்.

சட்டசபையே வழக்கும் விசாரித்ததா?

விசாரித்தது, அதுவும் கடுமையாக. இரண்டு வழக்குகள்.

வில்லியம் பவல் ஜேம்ஸ் சிட்டியின் பிரதிநிதி என்று மேலே சொன்னேன். அவர் தன் வேலைக்காரன் தாமஸ் கார்னெட் மேல் அதே சபையில் மனுக் கொடுத்தார்: வேலையைக் கவனிப்பதில்லை, வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தியோடு ஒழுங்கீனம், எல்லாவற்றுக்கும் மேலாக எஜமானர் குடிக்கிறார், திருடுகிறார் என்று கவர்னரிடம் பொய்ப் புகார். கார்னெட் சாட்சிக்கு அழைத்து வந்த சக வேலைக்காரர்கள் கடைசியில் அவன் பக்கம் நிற்கவில்லை. தீர்ப்பு, நான்கு நாள் காதை ஆணியால் அடித்துத் தண்டனைக் கட்டையில் நிறுத்தி, ஒவ்வொரு நாளும் சவுக்கடி. புகார் கொடுத்தவர் சபை உறுப்பினர், குற்றவாளிக்கு அந்தச் சபையில் யாரும் இல்லை. ஜனநாயகத்தின் பிறப்பு என்று பேசுகிறவர்கள் இந்த வழக்கைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்.

இன்னொன்று ஹென்றி ஸ்பெல்மன் வழக்கு. பதினான்கு வயதில் வந்த பையன், வந்த வேகத்தில் பூர்வகுடிகளிடம் கொடுக்கப்பட்டு அவர்களோடு வளர்ந்து மொழி கற்றவன், வளர்ந்தபின் மொழிபெயர்ப்பாளன். ஒபச்சன்கனோவிடம் போய், இப்போதிருக்கும் கவர்னரைவிடப் பெரிய ஆள் ஒருவர் வரப்போகிறார் என்று சொல்லி யார்ட்லியின் மதிப்பைக் கெடுத்தான் என்பது குற்றச்சாட்டு. இந்தக் குற்றச்சாட்டைச் சொன்னது ராபர்ட் பூல் என்ற இன்னொரு மொழிபெயர்ப்பாளர். சில பேர் மரண தண்டனை வரை பேசினாலும், கடைசியில் கேப்டன் பட்டத்தைப் பறித்து, ஏழு வருடம் காலனிக்கு மொழிபெயர்ப்பாளனாக ஊழியம் செய்யச் சொன்னார்கள். அவனைத் தூக்கிவிட்டால் பேச்சு வார்த்தைக்கு யார் போவது?

பூர்வகுடிகளைப் பற்றிய சட்டங்கள்?

அமைதி கெடும்படி அவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று ஒரு பக்கம். துப்பாக்கியோ வெடிமருந்தோ விற்றால் மரண தண்டனை என்று இன்னொரு பக்கம். அனுமதியில்லாமல் அவர்கள் ஊர்களுக்குப் போகக்கூடாது. ஒவ்வொரு குடியிருப்பும் சில பூர்வகுடிச் சிறுவர்களை நயமாக வாங்கி வந்து கிறித்தவக் கல்வி கொடுக்க வேண்டும், அவர்களுக்காகக் கல்லூரி கட்ட ஆட்களை அனுப்புங்கள் என்று லண்டனுக்கு விண்ணப்பம் வேறு. கூடவே, கிக்கோட்டன் என்ற அநாகரிகப் பெயரை மாற்றிக் கொடுங்கள் என்றும் கேட்டார்கள். எலிசபெத் சிட்டி என்று பெயர் மாறியது. யாருடைய நிலத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுகிறோம் என்ற கேள்வி மட்டும் எந்த நாளின் நடவடிக்கையிலும் இல்லை.

அடிமைத்தனத்தை ஆரம்பித்தது இந்தச் சபையா?

இல்லை. ஆனால் காலம் மிக நெருக்கம். சபை கலைந்து சில வாரங்களில், ஆகஸ்ட் கடைசியில், பாயின்ட் கம்ஃபர்ட்டில் ஒயிட் லயன் என்ற கப்பல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கியது. உணவுப் பொருளுக்குப் பதிலாக அவர்களை வாங்கியவர்கள் கவர்னர் யார்ட்லியும் பண்டகசாலைக்காரர் பியர்சியும். இருவருமே மேலே வந்த பெயர்கள்.

1619 சபை அடிமைச் சட்டம் எதுவும் போடவில்லை. அதே சபையின் பிந்திய கூட்டத்தொடர்கள்தான் போட்டன. 1662-இல் தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, 1667-இல் ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது, 1705-இல் எல்லாவற்றையும் தொகுத்து ஒரே பெரிய சட்டம். எல்லாம் முறைப்படி வாசித்து, ஓட்டெடுத்து, கையெழுத்திட்டு நடந்தவை.

சம்பளம் உண்டா?

முதல் கூட்டத்தில் சபாநாயகர், எழுத்தர், காவலர் போன்றவர்களுக்கு மட்டும். பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆணும், வேலைக்காரனும் சேர்த்து, ஒரு பவுண்டு நல்ல புகையிலை கொடுக்க வேண்டும் என்று தீர்மானம். அவர்கள் விதித்த முதல் வரி இதுதான், தங்கள் அலுவலர்களுக்கே.

ஏன் இவ்வளவு சீக்கிரம் முடித்தார்கள்?

வெயில். ஜூலை–ஆகஸ்ட்டில் ஜேம்ஸ் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில், இங்கிலாந்துக் கம்பளி உடுப்போடு, ஐம்பதுக்கு இருபது அடி மர ஆலயத்துக்குள் இவ்வளவு பேர். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் புழுக்கத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 1 ஞாயிறன்று பிரதிநிதி வால்டர் ஷெல்லி இறந்தே போனார். மற்றவர்களும் நோயில் விழ, கவர்னருக்கும் முடியாமல் போக, புதன்கிழமையோடு நிறுத்திவிட்டு அடுத்த மார்ச் 1-க்கு ஒத்திவைத்தார்கள்.

சபை போட்ட சட்டம் உடனே செல்லுமா?

கவர்னருக்கு மறுக்கும் அதிகாரம் உண்டு, லண்டனில் கம்பெனி ஒப்புதலும் வேண்டும். கப்பல் போய்த் திரும்ப மாதக்கணக்காகும், அதுவரை சட்டமே இல்லாமல் இருக்க முடியாது, ஆகவே உடனே அமலுக்கு வரட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதே மூச்சில், கம்பெனி அங்கிருந்து போடும் உத்தரவுகளை ஏற்கவோ தள்ளவோ எங்களுக்கும் அதிகாரம் கொடுங்கள் என்றும் கேட்டார்கள். ஐந்து நாள் அனுபவத்துக்கு இது பெரிய துணிச்சல்.

அதற்குப் பிறகு வந்த கூட்டத்தொடர்கள்?

1621-இல் கம்பெனி எழுத்துமூலமான ஒரு சாசனத்தால் சபையை உறுதிசெய்தது. 1622 மார்ச் 22-இல் ஒபச்சன்கனோவின் ஆட்கள் தாக்கியதில் 347 குடியேறிகள் செத்தார்கள். கம்பெனி அந்த அடியிலிருந்து மீளவில்லை, 1624 மே மாதம் அதன் பட்டயமே ரத்தானது.

அதற்குச் சற்று முன்பு, 1624 தொடக்கத்தில் கூடிய சபை இன்னொரு முக்கியமான வேலை செய்தது. பொதுச்சபையின் அதிகாரமில்லாமல் கவர்னர் வரி போடக்கூடாது, வசூலித்ததையும் சபை சொன்னபடியே செலவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. அந்தச் சமயத்தில் எட்வர்ட் ஷார்ப்ளஸ் என்ற எழுத்தர் சபையின் காகிதங்களை அரசரின் ஆணையர்களிடம் காட்டிக்கொடுத்துவிட்டார். காதை அறுக்கச் சொல்லித் தீர்ப்பு, கடைசியில் ஒரு துண்டோடு விட்டார்கள்.

கம்பெனி போனதும் அரசர் நேரடி ஆட்சி. சபை இருக்கலாமா கூடாதா என்று பல வருடம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை, ஆனாலும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக் கூடிக்கொண்டே இருந்தார்கள். 1639-இல்தான் அரச அங்கீகாரம். 1643-இல் கவர்னர் வில்லியம் பெர்க்லி காலத்தில் பிரதிநிதிகள் தனி அவையாக உட்கார ஆரம்பித்தார்கள். 1658-இல் கவர்னர் சபையைக் கலைத்தேன் என்றபோது, கலைய மாட்டோம் என்று உட்கார்ந்து, அதிகாரம் எங்களுடையது என்று அறிவித்து, பிறகு அதே கவர்னரைத் தாங்களே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்! எதிர்த்திசையிலும் போனது: பெர்க்லி 1661-இல் தேர்ந்த சபையைத் தேர்தலே வைக்காமல் 1676 வரை ஓட்டினார், 1670-இல் ஓட்டுரிமையைச் சொத்து உள்ளவர்களுக்குச் சுருக்கினார்கள். 1676-இல் நத்தேனியல் பேக்கன் என்ற தோட்டக்காரர் பெர்க்லியை எதிர்த்துக் கிளப்பிய பேக்கன் கலகம் வந்து ஜேம்ஸ்டவுனே எரிந்தது. 1699-இல் தலைநகரம் வில்லியம்ஸ்பர்க்குக்குப் போனது. ஜார்ஜ் வாஷிங்டன் 1758-லும், தாமஸ் ஜெஃபர்சன் 1769-லும் உறுப்பினரானது அங்கேதான்.

முதல் உறுப்பினர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

நத்தேனியல் பவல், சாமுவேல் மேகாக் இருவரும் 1622 தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். ரோல்ஃப் அதே வருடம் இறந்தார். மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் தோட்டத்தின் (மேலே வந்த ஜான் மார்ட்டினின் தோட்டம் இல்லை, இது வேறு) பிரதிநிதி ஜான் பாய்ஸின் மனைவி சிறைபிடிக்கப்பட்டுப் பிறகு திரும்பினார். வில்லியம் டக்கர் 1623-இல் சமாதானப் பேச்சு என்று அழைத்துப் போய்ப் பூர்வகுடிகளுக்கு விஷம் கலந்த மது கொடுத்தவர்களில் ஒருவர். தண்டிக்கப்பட்ட ஸ்பெல்மன் அதே வருடம் வியாபாரத்துக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டான். போரி 1622-இலேயே வர்ஜீனியாவை விட்டுக் கப்பலேறிவிட்டார்.

இதுதான் உலகின் மிகப் பழைய சட்டசபையா?

இல்லை. ஐஸ்லாந்தில் பத்தாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டங்களில் கூட்டிய பிரதிநிதி சபைகளில் இன்று வரை தொடர்வதில் இது மூத்தது என்றால் சரி. அடுத்தது பெர்முடா, சரியாக ஒரு வருடம் கழித்து, 1620 ஆகஸ்ட் 1.

உள்ளே பேசியதெல்லாம் எப்படித் தெரியும்?

போரி எழுதி லண்டனுக்கு அனுப்பிய அறிக்கை தப்பிப் பிழைத்ததால். இங்கிலாந்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டில் எடுத்து, 1857-இல் நியூயார்க்கில் அச்சிட்டார்கள். அதற்கு முன் எழுதிய வரலாற்றாசிரியர்கள் இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கிட்டத்தட்ட ஒன்றும் அறியாமலே எழுதினார்கள்.

அந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பெயரைக் கவனியுங்கள், நிறையப் பேர் இடம் மாறிப் போய்விடுகிறார்கள். ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட் என்பது மாநில அரசு நடத்தும் அருங்காட்சியகம், கப்பல், கோட்டை எல்லாம் புதிதாகச் செய்தவை. பிள்ளைகளோடு போனால் நன்றாக இருக்கும். உண்மையான இடம் ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன், பக்கத்திலேயே, ஆற்றுத் தீவில். அங்கே நிற்கும் செங்கல் கோபுரம் 17-ஆம் நூற்றாண்டுடையது, ஆனால் 1619-க்குப் பிந்தியது. அதை ஒட்டிய ஆலயம் 1907-இல் நினைவாகக் கட்டியது, அதன் தரைக்கு அடியில்தான் 1617-இல் எழுப்பிய அந்த மர ஆலயத்தின் அடித்தளத்தை அகழ்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட்டில் போவதைவிட அக்டோபரில் போங்கள்.